கழிவு மடையில் ஒரு பலகை

1955 பிப்ரவரி 7, திங்கட்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். ஐந்து நாற்பதுக்கு ஆலைக் கதவைத் திறந்தேன். சக்கரத்தின் இரு பக்கத் தாங்கிகளிலும் விளக்கெண்ணெய் விட்டேன். கம்பி வலையில் சிக்கியிருந்த பாசியையும் வைக்கோலையும் வாரி எறிந்தேன். ஆறு மணிக்கு ஏரி மதகு திறந்தது. ஆறு நாற்பத்தொன்றுக்குச் சக்கரம் அசைந்தது. கல்பாக்கம் பக்கத்திலிருந்து இரண்டு வண்டி கேழ்வரகு வந்து காத்திருந்தது. முதல் மூட்டையை ஏழு மணிக்குக் கல்லில் கொட்டினோம்.

இவ்வளவும் என் குறிப்பேட்டில் அன்றைய தேதியின் கீழே உள்ளவை. இவற்றில் ஒரு வரி எனக்கு எதிரான சாட்சி. எழுதியபோது அது எனக்குத் தெரியவில்லை.

ஆலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் இயந்திரத்தைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. கல்லை எத்தனை நாளுக்கு ஒருமுறை கொத்துவது, சக்கரத்தின் பெட்டிகளில் எந்த மரம் போடுவது என்பதெல்லாம் தனி நோட்டில் இருக்கிறது. அலமாரியின் இரண்டாம் தட்டில் பாருங்கள். இருபத்தாறு வருஷம் அந்தச் சக்கரத்தோடு இருந்துவிட்டு வெளியே வந்தவன், அந்த நோட்டில் எழுத இடமில்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். நெருக்கடியில் எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவை எனக்குச் சரியாகவே அமைந்தன. அதைப் பெருமையாகவே சொல்வேன். இது அப்படிப்பட்டதல்ல. அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

கருங்குழிக்குக் கிழக்கே ஏரி. ஏரி மதகிலிருந்து அரை மைல் வாய்க்கால். வாய்க்கால் ஒரு பாறை இறக்கத்தில் விழும் இடத்தில் ஆலை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதே தண்ணீர் கீழே கழனிகளுக்குப் போகும். ஒரு சொட்டுகூட ஆலைக்குச் செலவாவதில்லை. எங்கள் முதலாளியின் தாத்தா காலத்தில் ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர் இதை அமைத்துக் கொடுத்தாராம். அப்போது ஊரார் இரண்டு நிபந்தனை போட்டார்கள். ஆலைக்காக மதகைத் திறக்கச் சொல்லக் கூடாது. பயிருக்குத் திறக்கும்போது சக்கரம் சுற்றிக்கொள்ளலாம். இது ஒன்று. சக்கரத்துக்கு மிஞ்சிய தண்ணீர் வழிந்து போகும் கழிவு மடையை ஒரு விரல்கூட உயர்த்தக் கூடாது. இது இரண்டாவது. உயர்த்தினால் சக்கரத்தைக் கழற்றி எறிய ஊருக்கு உரிமை உண்டு. அந்தக் காகிதம் முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அது வாய்ப்பாடமாகவும் இருந்தது.

மதகு முனுசாமியின் பொறுப்பு. ஏரித் தண்ணீரைத் திறந்து, அடைத்து, கழனிக்குக் கழனி முறைவைத்துப் பங்கிடுகிறவரை எங்கள் பக்கத்தில் நீர்க்கட்டி என்பார்கள். அவருடைய அப்பாவும், அப்பாவின் அப்பாவும் நீர்க்கட்டிகள். மதகின் இரும்புக் கம்பு அவர் வீட்டுச் சுவரில்தான் சாய்ந்திருக்கும். கம்பில் துளைகள் உண்டு. எத்தனை துளை தூக்குகிறாரோ அவ்வளவு தண்ணீர். முனுசாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாய்க்காலில் காலை வைத்துப் பார்த்தே எந்தக் கழனிக்கு எப்போது போய்ச் சேரும் என்று சொல்லிவிடுவார்.

அந்த வருஷம் காணும் பொங்கலுக்கு மறுநாள், ஜனவரி 17, ஆலையில் கூட்டம் தாளவில்லை. புதிதாகக் கொத்திய கல் கனமாக அரைத்தது. சக்கரம் முனகியது. மூலையில் நாலு விரல் அகலத்தில் ஒரு வாகைப் பலகை கிடந்தது. எடுத்துக் கழிவு மடையில் செருகினேன். தண்ணீர் ஏறியது. சக்கரம் துள்ளிக்கொண்டு சுற்றியது.

நிபந்தனை எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் யோசித்தவன். உயர்த்தினால் தண்ணீர் எங்கே போய்விடும், சக்கரத்தின் மேலே ஏறி இறங்கி அதே கழனிக்குத்தானே போகிறது என்று யோசித்தேன். அந்த யோசனையில் எனக்கு ஒரு பிசகும் தெரியவில்லை. வேலையில் கெட்டிக்காரனாக இருப்பவன் செய்யும் தவறு இப்படித்தான் இருக்கும். கணக்குப் போட்டு, சரிபார்த்து, நிம்மதியாகச் செய்வான். பலகையை எடுக்க வேண்டும் என்ற நினைப்பே அதன்பிறகு எனக்கு வரவில்லை.

பிப்ரவரி 7க்கு வருகிறேன். ஒன்பது மணி இருக்கும். அலமேலு அம்மாள் வந்தார். வாய்க்காலின் கடைசிக் கோடியில் அவருக்கு ஒரு ஏக்கர். புருஷன் இல்லை. நவரைப் பருவத்து நெல் நட்டு ஒரு மாதமாகியிருந்தது. தலையில் கூடையும் இல்லை, கையில் மூட்டையும் இல்லை. அரைக்க வரவில்லை என்று புரிந்தது.

"இன்னா மேஸ்திரி, உன் சக்கரம் மட்டும் ஜோரா சுத்துது? என் கழனி வெடிச்சிப் போய் கீது. வந்து பாக்கறியா?"

"முறைத் தண்ணி வந்துகினு தானேம்மா கீது?"

"எங்க வருது? வாய்க்கால்ல தவளைக்கு முதுகு நனையல. முனுசாமி வித்துட்டான். தோப்புக்காரனுக்கு வித்துட்டான். அந்தத் தோப்புல கால வச்சா முட்டி வரைக்கும் சேறு. மழ நின்னு ரெண்டு மாசம் ஆவுது, அவன் தென்னைக்கு மட்டும் மினுமினுப்பு பாரு! சாயங்காலம் ஊர் கூடுது. கம்பப் புடுங்கி வேற ஆளு கையில குடுக்கப் போறோம்."

தோப்புக்காரர் மெட்ராசில் இருப்பவர். தோப்பு, மதகுக்கும் ஆலைக்கும் நடுவே வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. அந்த அம்மாள் வந்த வேகத்திலேயே போய்விட்டார். நான் அடுத்த மூட்டையைக் கொட்டச் சொன்னேன்.

அரை மணி கழித்து முனுசாமி வந்தார். ஆலைக்கு வெளியே நின்றபடியே பேசினார்.

"மேஸ்திரி, தண்ணி வந்த நேரத்த தெனம் புக்குல எழுதுவீங்களே. அத கொஞ்சம் படிச்சிக் காட்டுங்க."

"எதுக்கு முனுசாமி?"

"நான் மூணு தொளதான் தூக்கறேன். போன மாசம் மூணு தொளையில கடேசி கழனி வரைக்கும் ரொம்பிச்சி. இப்போ பாதி வழிகூடப் போவல. நான் எதுவும் பண்ணலன்னு எனக்குத் தெரியுது. ஊருக்கு எப்படிச் சொல்றது?"

மதகு திறந்த நேரத்துக்கும் சக்கரம் அசைந்த நேரத்துக்கும் இடையே எத்தனை நிமிஷம் என்று தினமும் எழுதுவது என் வழக்கம். யாரும் கேட்டு எழுதவில்லை. ஒழுங்குக்காக எழுதுவேன். குறிப்பேட்டைக் கொண்டுவந்து வாசலில் நின்று படித்தேன். ஜனவரி 3, இருபத்திரண்டு. 4, இருபத்திரண்டு. 5, இருபத்துமூன்று. அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். பக்கத்தைப் புரட்டினேன். 20, முப்பத்தைந்து. 21, முப்பத்தெட்டு. அன்று காலை நாற்பத்தொன்று.

"எப்போலேந்து ஏறிச்சி?"

விரலை மேலே நகர்த்தினேன். ஜனவரி 17, இருபத்திரண்டு. 18, முப்பத்துமூன்று. 17க்கு நேராக என் கையெழுத்திலேயே இன்னொரு வரி இருந்தது: "கழிவு மடையில் பலகை ஒன்று. சக்கரம் நன்று."

குறிப்பேட்டை மூடினேன்.

"வண்டல் கட்டியிருக்கும் முனுசாமி. பாக்கறேன்."

அவர் மூடிய குறிப்பேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி மேஸ்திரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பலகை செருகியது என் தவறு, ஆனால் அது விளைவை அறியாமல் செய்தது. புத்தகத்தை மூடியது அறிந்து செய்தது. இரண்டுக்கும் நடுவே மூன்று வாரம். இரண்டாவதைச் செய்ய எனக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். மூன்று வாரமாகத் தினமும் அந்த எண்களை எழுதியவன் நான். முப்பத்துமூன்று, முப்பத்தைந்து, முப்பத்தெட்டு என்று அழகாக, கோடு போட்டு எழுதினேன். ஒருநாளும் திரும்பிப் படிக்கவில்லை. எழுதத் தெரியாத மனிதர் வந்து கேட்டபிறகுதான் படித்தேன்.

பத்து மணிக்குத் தனியாக வாய்க்கால் கரையோடு மேலே நடந்தேன். தோப்பை ஒட்டித் தாழம்புதர் அடர்ந்த இடம். அதற்கு அந்தப் பக்கம், எப்போதோ செங்கல்லுக்கு மண் வெட்டி எடுத்த ஒரு பெரும் குழி. புதரை விலக்கிக்கொண்டு இறங்கினேன். வாய்க்கால் கரையின் உட்பக்கத்தில் பழைய நீர்மட்டம் எதுவரை என்பதற்குப் பாசி ஒரு கோடு போட்டிருந்தது. தண்ணீர் அந்தக் கோட்டுக்கு மேலே நின்றது. கையை வைத்துப் பார்த்தேன். நாலு விரல். கோட்டுக்கு மேலே கரை முழுக்க நண்டு வளைகள். பழைய மட்டத்தில் அவை காய்ந்து கிடந்திருக்கும். இப்போது ஒவ்வொரு வளையும் ஒரு குழாய். தண்ணீர் குழிக்குள் இறங்கி, குழியிலிருந்து தோப்புக்குள் ஊறிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் அந்தக் குழி குடித்து முடித்த பிறகுதான் ஆலைக்கே தண்ணீர் வந்தது.

என் கணக்கில் ஆலைக்குக் கீழே இருந்ததையெல்லாம் சேர்த்திருந்தேன். மேலே அரை மைல் இருப்பதைச் சேர்க்கவில்லை.

திரும்பி வந்து பலகையைப் பிடுங்கினேன். சக்கரம் தளர்ந்தது. கல்லடியில் இருந்தவர்களில் ஒருவர், "இன்னா மேஸ்திரி, சக்கரத்துக்கு ஜொரமா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மணி பஸ்ஸில் முதலாளி செங்கல்பட்டிலிருந்து வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர். இதைப் படிக்கும்போது அவரைத் தப்பாக நினைக்காதீர்கள்.

"பலகைய எடுத்துட்ட இல்ல? அடுப்புல வச்சிடு. நாளைக்குத் தண்ணி தானா கடேசி வரைக்கும் போயிடும். முடிஞ்சிது."

"முனுசாமி?"

"அவனுக்கு நான் வேற எதனா வேலை பாத்துத் தரேன். நீ போய்ச் சொன்னா இன்னா ஆவும்? காகிதத்துல இன்னா கீதுன்னு உனக்குத் தெரியும். சக்கரத்த ஒடப்பானுங்க. இங்க பதினோரு பேரு வேலை செய்றாங்க. ஒரு ஆளா, பதினோரு ஆளா? நீயே சொல்லு."

பதில் சொல்ல முடியாத கேள்வி போலத்தான் இருந்தது. சாப்பாட்டைப் பிரிக்காமல் சக்கரத்தின் அருகே உட்கார்ந்து யோசித்தேன். பலகை போய்விட்டது. நாளைக் காலை கடைசிக் கழனிக்குத் தண்ணீர் போய்ச் சேரும். இன்று மாலை முனுசாமியின் கையிலிருந்து கம்பு போகும். கம்பு போன மறுநாளே தண்ணீர் வந்தால் ஊர் என்ன பேசும்? "பார், திருடன் போனான், தண்ணி வந்துது" என்றுதான் பேசும். நான் சத்தமில்லாமல் செய்த திருத்தமே அவர்மேல் குற்றத்தை முத்திரை குத்திவிடும். அவர் பேரனிடம்கூட ஊர் அதைச் சொல்லும்.

அது புரிந்தபின் எனக்குக் குழப்பம் இல்லை. முதலாளியிடம் போய், "சொல்லப் போறேன். உங்களுக்குத் தெரியாம போய்ச் சொல்லக் கூடாதுன்னு இங்க வந்தேன்" என்றேன்.

சக்கரம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சொல்லு. சக்கரம் போச்சுன்னா பதினோரு வூட்டுக்கும் நீதான் போய் பதில் சொல்லணும்" என்றார்.

"சொல்றேன்."

நாலு மணிக்குக் கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. முப்பது பேர் இருப்பார்கள். முனுசாமி மண்டபத்துக்குள் வரக் கூடாது. வெளியே, தெருவில், வெயிலில் நின்றுகொண்டிருந்தார். ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் பேச ஆரம்பிக்கும் முன்பே நான் பலகையைக் கல்தரையில் வைத்தேன். குறிப்பேட்டைத் திறந்து ஜனவரி 17ஐப் படித்தேன். நிமிஷங்களைப் படித்தேன். குழியையும் நண்டு வளைகளையும் சொன்னேன். தெருவில் நிற்பவருக்கும் கேட்க வேண்டும் என்று உரக்கவே படித்தேன்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அப்போ தண்ணிய திருடினது மனுசன் இல்ல, பலகைன்ற!"

"பலகைக்கு கால் மொளச்சி அதுவா போய் மடையில குந்திக்கிச்சா?"

"காகிதம் இன்னா சொல்லுது? ஒரு வெரல்னு சொல்லுது. இவரு நாலு வெரல் வச்சிருக்காரு. கடப்பாரை எடுத்துகினு வாங்கடா!"

இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். அவர்களை நிறுத்தியவர் அலமேலு அம்மாள். மண்டபப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"குந்துங்கடா! சக்கரத்த ஒடச்சி என் கழனியில நடப் போறீங்களா? ஒடச்ச மரமும் கல்லும் வாய்க்கால்ல வுழுந்தா அத வாரவே பத்து நாளு ஆவும். என் பயிரு பத்து நாளு தாங்குமா? மொதல்ல தண்ணிய வுடுங்க. ஒடைக்கிறத அறுப்பு முடிஞ்சி ஒடைங்க."

ஒரு மணிநேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசிக் கழனியின் பயிர் தேறும்வரை சக்கரம் சுற்றக் கூடாது, தண்ணீர் முழுவதும் கழிவு மடை வழியே நேராகப் போக வேண்டும். மடையில் எவ்வளவு உயரம் என்று கல்தச்சனை வைத்துக் கோடு வெட்ட வேண்டும். இவ்வளவும் முடிவாயிற்று. அறுவடைக்குப் பிறகு சக்கரத்தை உடைக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கேழ்வரகு அரைக்க அவர்களுக்கும் வேறு இடம் கிடையாது. இருபத்தொரு நாள் சக்கரம் நின்றது. அந்தப் பதினோரு பேரையும் வாய்க்கால் தூர்வாரவும் கரை அடைக்கவும் அனுப்பினேன். அலமேலு அம்மாளின் பயிரில் கால்வாசி பட்டுப்போனதுதான். முதலாளி என்னிடம் சித்திரை வரை வேலையைத் தவிர வேறு பேசவில்லை.

ஆனால் அன்று மாலை நான் லேசான மனத்தோடு வீடு திரும்பினேன். கூட்டம் கலைகையில் பெரியதனக்காரர் தெருவைப் பார்த்து, "சரி, நீ போ. காலையில தெறந்துடு" என்றார். முனுசாமி போனார். குறிப்பேட்டில், "விஷயம் தீர்ந்தது" என்று எழுதினேன். இது நான் அந்த விஷயத்தில் செய்த மூன்றாவது தவறு.

பிப்ரவரி 8, செவ்வாய்க்கிழமை. ஆறு மணிக்கு மதகு திறக்கவில்லை. ஆறு இருபத்தைந்துக்கும் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. தாங்கிக்கு எண்ணெய் விடவில்லை, வலையைத் தொடவில்லை. நேராக ஏரிக்கரைக்குக் கீழே முனுசாமி இருந்த தெருவுக்கு நடந்தேன். அந்த ஆலையில் சேர்ந்து எட்டு வருஷத்தில் நான் அந்தத் தெருவுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. நான் வருவதைப் பார்த்து ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் எழுந்து நின்றார்கள்.

அவர் தன் வாசலில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. கம்பு சுவரில் சாய்ந்திருந்தது.

"மணி ஆயிடுச்சி முனுசாமி."

"தெரியும்."

"நேத்து நான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே. நீயும் வெளியில நின்னு கேட்டுகினுதானே இருந்த?"

"நான் கேட்டேன்." கூழை ஒரு வாய் குடித்தார். "இங்க யாரு கேட்டாங்க? மண்டபத்துல இவங்க யாரையாச்சும் வுடுவாங்களா? பத்து நாளா என் பொண்டாட்டி கெணத்தாண்ட போனா, தண்ணி வித்தவன் பொண்டாட்டி வந்துட்டா பாருன்றாங்க. வேற யாரும் இல்ல, எங்க ஜனம்தான். ஊருக்கு நான் நல்லவனாயிட்டேன், சரி. நான் வாழ்றது இந்தத் தெருவுல மேஸ்திரி."

கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தார்.

"அங்க சொன்னத இங்க நின்னு சொல்லு. சொல்லிட்டு வா, தெறக்கறேன்."

தெரு நடுவில் போய் நின்றேன். குறிப்பேட்டைக் கொண்டுபோகவில்லை. மடையில் பலகை வைத்தவன் நான், தண்ணீர் என்னால்தான் குழிக்குள் போயிற்று, முனுசாமி ஒரு சொட்டும் யாருக்கும் விற்கவில்லை, நேற்றுக் காலை அவர் என்னைக் கேட்டபோது தெரிந்தே மறைத்தேன் என்று சொன்னேன். கடைசியில் சொன்னதை நான் மண்டபத்தில் சொல்லியிருக்கவில்லை.

எதிர் வாசலிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "மேஸ்திரி, இன்னும் சத்தமா சொல்லு. அந்தக் கடேசி வூட்டுல கீறவங்களுக்கு கேக்கல."

தெருவின் அடுத்த கோடி வரைக்கும் நடந்துபோய், அங்கே நின்று, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். திரும்பி வந்தபோது முனுசாமி கையைக் கழுவிவிட்டுக் கம்பைத் தோளில் வைத்திருந்தார். மதகு ஆறு ஐம்பத்திரண்டுக்குத் திறந்தது.